எந்த சர்வே என்று சொன்னீர்களா, மாப்பிள்ளை?

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். வீடு மட்டும் அவ்வளவு சுகமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்றும், உங்கள் அடுக்குமாடிக் கட்டடம் விரிசல் கிரிசல் இல்லாமல் நேராக நின்றுகொண்டிருக்கிறது என்றும் நம்புகிறேன். குசலம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் ஒரே வரிதான். நான் கட்டட வேலையை நிறுத்தப் போவதில்லை. யார் சொன்னாலும் சரி, எத்தனை தடவை போன் செய்தாலும் சரி. என் மகள் நேற்று போனில் "அப்பா, வேலையை நிறுத்திட்டதா கேள்விப்பட்டேனே" என்று குழைந்தாள். அது நின்றதல்ல, மூச்சு வாங்கிக்கொண்டது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினால் அவன் தோற்றுவிட்டான் என்று எழுதிக்கொள்வீர்களா? இந்தக் கடிதம் எழுதுவதே, நடந்தது என்ன என்பதை அரைகுறையாக யாரும் உங்கள் காதில் ஓதுவதற்கு முன்னால், முழுசாக என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்பதற்குத்தான்.

போன முறை நீங்கள் வந்திருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் வைத்து, பின்பக்கத்துக் காலியிடத்தில் ஓர் அறையும் அதோடு ஒட்டி ஒரு குளியலறையும் கட்டப் போகிறேன் என்று அறிவித்தேன். நீங்கள் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "மாமா, எதுக்கும் முதல்ல ஒரு சர்வே எடுத்துடுங்க" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? "இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல்? பேசாம ரெண்டு பேரும் எங்களோடயே வந்துடுங்களேன்" என்றும் சொன்னீர்கள். அப்போது என் வாயில் சோறு இருந்தது, அதனால் பதில் சொல்லவில்லை. இப்போது வாய் காலியாக இருக்கிறது. சொல்கிறேன்: வரமாட்டோம். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும், அதற்கு நன்றி. ஆனால் வரமாட்டோம்.

உங்கள் அத்தை மாடிப்படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து, மாடிப் படுக்கையறைக்கு ஏற முடியாமல், ஹாலில்தான் அவள் கட்டில். எங்கள் ஹால் உங்களுக்குத் தெரியும், தெருக்கதவைத் திறந்தால் நேராகத் தலையணை. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், பார்சல் கொண்டுவருகிறவர், விலாசம் தவறி வருகிறவர், எல்லாரும் முதலில் பார்ப்பது அவளைத்தான். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் போர்வையை இழுத்துவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, எழுந்து உட்கார வேண்டும். ஒரு நாள் மீட்டர் பார்க்கிறவர் எண்ணைக் குறித்துக்கொண்டே, "கால் வீக்கம் வத்திடுச்சாம்மா?" என்று கேட்கிறார்! இவளும் காலை நீட்டிக் காட்டுகிறாள்! சொந்த வீட்டில் ஒரு மனுஷி தெருவின் நடுவே படுத்திருப்பது போலப் படுத்திருக்கிறாளே, அவளுக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டாமா? அதனால்தான் அறை. இது ஆடம்பரம் அல்ல.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அப்படியானால் ஏன் உடனே சர்வே எடுக்கவில்லை என்று. மாப்பிள்ளை, நான் விளையாட்டு ஆசிரியராகப் பணியில் இருந்த காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவன். ஓடுபாதையின் வளைவை வெறுங்கண்ணால் போடுவேன். அப்படிப்பட்டவன் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு சதுரம் போடுவதற்கு வெளியாளைக் கூப்பிட வேண்டுமா? கயிறு கட்டினேன், முளை அடித்தேன், சுண்ணாம்பு போட்டேன், விசிலை ஊதி மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மேஸ்திரி நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் "செஞ்சிடலாம் மாஸ்டர்" என்பார். வீட்டைத் தலைகீழாகத் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வார். "கோடு எப்படி?" என்றேன். "கண்ணுல ஒத்திக்கலாம் மாஸ்டர்" என்றார். தோண்ட ஆரம்பித்தோம்.

அரை நாள்கூட ஆகவில்லை, மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரின் தலை முளைத்தது. "என்ன மாஸ்டர், பள்ளம் நம்ம பக்கம் வந்துட்ட மாதிரி இருக்கே?" என்றார். "மதில் அந்தப் பக்கம் இருக்கு, பள்ளம் இந்தப் பக்கம் இருக்கு, உங்களுக்குக் கண்ணு எந்தப் பக்கம் இருக்கு?" என்றேன். அவர், "மதிலே கோணல்னு எங்கப்பா சொல்லிட்டே இருப்பாரு" என்றார். "உங்கப்பா சொன்னதையெல்லாம் வெச்சு எல்லை போட முடியுமா?" என்று நான் கேட்க, "அப்ப எதை வெச்சுப் போடுவீங்க, சுண்ணாம்பை வெச்சா?" என்று அவர் கேட்க, மேஸ்திரி இருவருக்கும் பொதுவாக "பேசிக்கலாம், பேசிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். உங்களிடம் தோற்றுப்போனதாக ஆகக்கூடாது என்றாலும், கண்ணாடிக் கடைக்காரரிடம் ஜெயிக்க வேண்டுமே. ஆகவே ஒரு சர்வே அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

போனை எடுத்தது ஒரு பெண். "சர்வே எடுக்கணும்மா" என்றேன். "எந்த சர்வே சார்?" என்றாள். "ஏம்மா, உங்ககிட்ட எத்தனை இருக்கு?" என்று கேட்டது என் தப்பு. எல்லை சர்வே, மேடு பள்ளம் பார்க்கிற லெவல் சர்வே, மண்ணுக்கடியில் குழாய் ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கிற சர்வே, கட்டின கட்டடத்தை அளக்கிற சர்வே, கட்டடம் தாங்குமா தாங்காதா என்று பார்க்கிற சர்வே என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறாள். ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்ணோ என்று எனக்குச் சந்தேகம். "எல்லாத்துலயும் நல்லதா ஒண்ணு அனுப்பும்மா" என்றேன். "எல்லாமே நல்லதுதான் சார். நீங்க என்ன கட்டப் போறீங்க, எதைத் தெரிஞ்சுக்கணும், அதைச் சொல்லுங்க" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரர் சொல்றது பொய்னு தெரிஞ்சுக்கணும்" என்றேன். "அப்ப எல்லை சர்வே சார்" என்றாள்.

மூன்று கால் கருவியோடு ஒருவர் வந்தார். அதிகம் பேசாதவர். எங்கள் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார், கண்ணாடிக் கடைக்காரரின் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார், தெருமுனைக்குப் போய் மண்ணைக் கிளறி ஒரு பழைய கல்லைக் கண்டுபிடித்தார், கருவி வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வீட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "நம்ம கோடு எப்படி?" என்றேன். "எந்தக் கோடு சார்?" என்றார். இத்தனைக்கும், அவர் நின்றுகொண்டிருந்ததே என் சுண்ணாம்புக் கோட்டின் மேல். சாயங்காலம் சிவப்புப் பெயிண்டில் அடையாளம் போட்டுவிட்டு முடிவைச் சொன்னார். மதில் கோணல்தான். முன்பக்கம் கண்ணாடிக் கடைக்காரர் நம் இடத்துக்குள் கொஞ்சம் வந்திருக்கிறார், பின்பக்கம் நாம் அவர் இடத்துக்குள் நன்றாகவே போயிருக்கிறோம். எவ்வளவு நன்றாக என்றால், என் பள்ளத்தில் ஒரு பக்கமும், நம்முடைய எலுமிச்சை மரம் முழுசும் அவருடையவை.

அந்த மரம் உங்களுக்கு நினைவிருக்கும். காய்க்கிறபோதெல்லாம் உங்கள் அத்தை ஒரு பையில் பழங்களைப் போட்டு மதில்மேல் வைத்து, "எடுத்துக்கோங்க, நம்ம மரத்துது" என்று பெருமையாகக் கொடுப்பாள். அவரும் ஒவ்வொரு தடவையும் கைகூப்பி வாங்கிக்கொள்வார். இப்போது சிவப்புப் பெயிண்டைப் பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை காலமும் என் பழத்தை எனக்கே குடுத்து நன்றி வாங்கிட்டு இருந்திருக்கீங்களா மாஸ்டர்?" என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "தண்ணி ஊத்தினது யாரு?" என்று கேட்டேன், குரலை இறக்காமல். அவர் சிரித்துவிட்டார். "சரி, மதிலை இப்ப யாரு இடிக்கப் போறா? முன்னாடி நான் வந்தது இருக்கட்டும், பின்னாடி நீங்க வந்தது இருக்கட்டும். புதுசா கட்டுறதை மட்டும் உள்ள தள்ளிக் கட்டுங்க. மரத்தையும் நீங்களே பாத்துக்கோங்க. ஆனா இனிமே பழத்தை நான் குடுப்பேன், நீங்கதான் கைகூப்பணும்" என்றார். நான் கைகூப்பவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தேன். ஆக, சர்வே எடுத்தாயிற்று, மாப்பிள்ளை. உங்கள் பேச்சையும் கேட்டாயிற்று. இனி யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது என்று, அறையை உள்ளே தள்ளிப் புதுசாகக் கோடு போட்டு, மேஸ்திரியைக் கூப்பிட்டு, அவர் "செஞ்சிடலாம் மாஸ்டர்" என்று சொல்ல, மறுபடியும் தோண்டினோம்.

மழை வந்தது. பெரிய மழைகூட இல்லை, குடை இருக்கிறவன் குடை விரிக்க யோசிக்கிற மழை. ஆனால் காலையில் பார்த்தால் என் அஸ்திவாரப் பள்ளம் குளம். அங்கேயே வீடு வாங்கிவிட்டது போல இரண்டு தவளைகள். பள்ளம் நிறைந்த தண்ணீர் சமையலறை வாசல்படியை நக்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "தெருத்தண்ணி மொத்தமும் இங்கதான் இறங்குது மாஸ்டர்" என்றார், ஏதோ நல்ல செய்தி போல. எனக்கு வந்த கோபத்தில் நேரே போனை எடுத்தேன். "ஏம்மா, உங்க சர்வே தப்பு. தண்ணி வருதுன்னு அதுல போடவே இல்ல" என்றேன். "சர்வே சரிதான் சார். அது எல்லை எங்க இருக்குன்னுதான் சொல்லும். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அது சொல்லாது" என்றாள். "ரெண்டும் ஒரே நிலம்தானேம்மா?" என்றேன். "நிலம் ஒண்ணுதான் சார், கேள்வி வேற" என்றாள். ஒரே ஆளை இதயத்துக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர் பார்ப்பது போல என்று விளக்கம் வேறு. அப்படியானால் பல்லுக்கு அனுப்பு என்றேன்.

லெவல் எடுக்க வந்தவர் வாட்டசாட்டமான ஆள். கோடுகள் போட்ட உயரமான கம்பை அவரோடு வந்தவர் கொல்லை, வாசல், சந்து, தெருச் சாக்கடை மூடி என்று ஒவ்வோர் இடமாக நிறுத்தி நிறுத்திப் பிடித்தார். கொடுத்த வரைபடத்தைப் பார்த்தால் கட்டைவிரல் ரேகை போல வளைவு வளைவாகக் கோடுகள். "இது என் கொல்லையா, இல்ல போலீஸ்ல குடுக்க வேண்டியதா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். தெருவில் ரோடு போடப் போட ரோடு உயர்ந்துகொண்டே போயிருக்கிறது, நம் வீடு இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது, கொல்லை அதைவிடவும் தாழ்வு. அங்கே குளியலறை கட்டினால் அதன் குழாய் வீட்டின் முழு நீளத்தையும் தாண்டித் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும், அதற்குச் சரிவு போதாது. "போதாதுன்னா என்ன ஆகும்?" என்றேன். "குளிச்ச தண்ணி திரும்பி வரும் சார்" என்றார். "கால்வாசியா, அரைவாசியா?" என்று மேஸ்திரி கேட்டார், அதையும் செய்துவிடலாம் என்கிற மாதிரி. வழி இல்லையா என்றால், வழி இருக்கிறதாம். வீட்டுத் தரையைவிடவும் உயர்த்திக் கட்ட வேண்டும், உள்ளே போக நாலைந்து படி வைக்க வேண்டும். படியில் விழுந்த மனுஷிக்குப் படி வைத்து ஓர் அறை! இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, உள்ளே போய் விசிலைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நீங்கள் பார்த்திருந்தால் நான் ஒடிந்துபோய்விட்டதாக நினைத்திருப்பீர்கள். தப்பு. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நிலத்தில்தானே எல்லை, மழை, சாக்கடை எல்லாத் தொல்லையும்? நிலத்தையே தொடாமல் கட்டினால்? ஹாலை ஒட்டி ஒரு சாமான் அறை இருக்கிறதல்லவா, உங்கள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் இன்னும் அட்டைப்பெட்டியோடு இருக்கிற அறை? நடுச்சுவரை இடித்து ஹாலில் ஒரு துண்டை அதோடு சேர்த்துக்கொண்டால் கட்டில் போடுகிற அளவுக்கு இடம் வந்துவிடும். கீழ்த்தளத்துக் கழிப்பறையும் பக்கத்திலேயே. நிலமே இல்லாதபோது நில அளவை எதற்கு? நான் அந்தப் போன் பெண்ணைக் கூப்பிடவில்லை. மேஸ்திரியிடம் கேட்டேன், சுவரை எடுத்துவிடலாமா என்று. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

மத்தியானம். உங்கள் அத்தை கட்டிலில் கண்ணசந்திருந்தாள். சாமான் அறைப் பக்கமிருந்து மேஸ்திரி சம்மட்டியால் நாலு போடு போட்டார். வாசல் மணி அடித்தது. யாரோ பார்சல் கொண்டுவந்தவர், அதுவும் நமக்கில்லை, கண்ணாடிக் கடைக்காரருக்கு. இவள் எழுந்து கம்பை ஊன்றிக்கொண்டு கதவுக்குப் போனாள். ஐந்தாவது போடு. தலைக்கு மேலே ஏதோ உறுமியது போல ஒரு சத்தம், மாடியில் என் பீரோவின் கதவு தானாகத் திறந்துகொண்டு படாரென்று மோதியது, ஹாலின் கூரையில் ஒரு கீறல் நான் பார்க்கப் பார்க்கவே ஓடியது. அடுத்த நொடி தட்டு அளவுக்கு ஒரு பூச்சுக்கட்டி பெயர்ந்து விழுந்தது. தலையணையின் மேல். அவள் தலையின் பள்ளம் இன்னும் தலையணையில் இருந்தது, மாப்பிள்ளை. நான் விசிலை ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். மேஸ்திரி எப்போதோ நிறுத்திவிட்டார், பார்சல்காரர் பார்சலைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார், கண்ணாடிக் கடைக்காரர் மதிலையே தாண்டிக் குதித்து வந்து நிற்கிறார், நான் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அத்தைதான் மெதுவாக வந்து என் வாயிலிருந்து விசிலை எடுத்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. பாருங்க, நின்னுட்டுத்தானே இருக்கேன்" என்றாள். இதை என் மகளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் அன்றைக்கே வண்டி ஏறி வந்துவிடுவாள்.

மேஸ்திரி அன்று முதல் முறையாக "செஞ்சிடலாம்" என்று சொல்லவில்லை. இரண்டு இரும்பு முட்டுகளைக் கொண்டுவந்து கூரைக்குக் கொடுத்து நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல எனக்குத் தெரியாது மாஸ்டர்" என்றார். கண்ணாடிக் கடைக்காரரின் வீட்டம்மா வந்து உங்கள் அத்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் போனை எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "மாஸ்டர் சாரா? இந்தத் தடவை எது சார்?" என்றாள் அந்தப் பெண். "தெரியலம்மா" என்றேன். மாப்பிள்ளை, வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் அதிகம் செலவழித்ததில்லை. அவள் குரல் மாறிவிட்டது. "எதையும் தொடாதீங்க சார். உடனே இஞ்சினியரம்மாவை அனுப்புறேன்" என்றாள்.

அந்த அம்மா நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். வந்தவுடன் கூரையையும் முட்டுகளையும் பார்த்து, வீடு இப்போதைக்கு நிற்கும் என்று உறுதி சொல்லிவிட்டு, பையைத் திறக்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன கட்டணும்?" என்றார். அறை என்றேன். "யாருக்கு?" என் மனைவிக்கு என்றேன். "எதுக்கு?" ஹால், மீட்டர் பார்க்கிறவர், கதவு என்று எல்லாம் சொன்னேன். "கொல்லையிலதான் கட்டணுமா, இல்ல கீழ எங்க இருந்தாலும் சரியா?" எங்கே இருந்தாலும் சரி, படி இருக்கக்கூடாது என்றேன். "இதை யார்கிட்டயாவது முதல்லயே சொன்னீங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன். சொல்லும்போதே அந்தப் போன் பெண் கேட்டது காதில் ஒலித்தது, இருமிச் சமாளித்தேன். "சர்வேங்கிறது பதில் சார். நீங்க கேள்வியைச் சொல்லாமலே பதிலா வாங்கி அடுக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நான் கேக்காம யாரும் என் வீட்டுக்குள்ள வரலைம்மா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "கோவப்படாதீங்க மாஸ்டர். அந்த ரெண்டு சர்வேயும் வீணில்ல, எடுங்க பாக்கலாம்" என்றார்.

பிறகுதான் வேலை. சுவர் சுவராகத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், சிவப்பு வெளிச்சம் பாய்ச்சும் கருவியால் ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் எடுத்தார், இரண்டு இடத்தில் பூச்சைச் சுரண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார், மாடிக்குப் போய் என் பீரோவை நகர்த்தச் சொன்னார். நாங்கள் இடித்தது மாடி முழுசையும் தோளில் சுமக்கிற சுவர். ஆனால் சாமான் அறைக்கு அந்தப் பக்கம், பக்கவாட்டுச் சந்தை ஒட்டினாற்போல் இருக்கிறதே ஒரு சுவர், அது யாரோ பிற்பாடு சும்மா எழுப்பிய தடுப்பு, தகரக் கூரையைத் தவிர எதையும் சுமக்கவில்லை. அதை எடுத்துச் சந்தையும் சேர்த்துக்கொண்டால் நல்ல அறை. சந்து நம் இடம்தானா? எல்லை சர்வே ஆமாம் என்கிறது. குளியலறைத் தண்ணீர் தெருவுக்குப் போகுமா? அங்கிருந்து தெரு கிட்டத்தில்தான், லெவல் சர்வே போகும் என்கிறது. படி? ஒன்றுகூடக் கிடையாது. உடைத்த சுவரை முதலில் பழையபடி கட்டி, கீறலைச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வது வேறு, தோற்பது வேறு.

ஆகவே மாப்பிள்ளை, நிலவரம் இதுதான். அறை வருகிறது. கொல்லையில் இல்லை, பக்கவாட்டில். என் கோட்டின்படி இல்லை, அந்த அம்மாவின் வரைபடத்தின்படி. ஆனால் வருகிறது. "நான் அப்பவே சொன்னேன்ல மாமா" என்று நீங்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. சர்வே எடுங்கள் என்றீர்களே, எந்த சர்வே என்று சொன்னீர்களா? ஒருவனைப் பார்த்து "மருந்து சாப்பிடு" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போவது ஆலோசனையா? என்ன கட்டப் போகிறீர்கள், யாருக்கு, எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் அன்றைக்கே அந்த மேஜையில் கேட்டிருந்தால், எலுமிச்சை மரம் இன்னும் நம்முடையதாகவே இருந்திருக்கும், கூரையும் முழுசாக இருந்திருக்கும். நடந்த அத்தனைக்கும் மூலகாரணம் உங்கள் அரைகுறை ஆலோசனைதான் என்று நான் முடிவு செய்திருக்கிறேன். இருந்தாலும் மன்னித்துவிட்டேன். மாமனார் மனசு பெரிது.

கடைசியாக மறுபடியும் சொல்கிறேன். நாங்கள் இந்த வீட்டை விட்டு அசைய மாட்டோம். தூசி பறக்கட்டும், முட்டு நிற்கட்டும். உங்கள் அத்தைக்கென்று ஓர் அறையும், அதற்கு ஒரு கதவும், அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் இந்த வீட்டில் வந்தே தீரும். அவள் அதற்குள் போய்ச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவதை நான் வெளியே நின்று பார்க்கத்தான் போகிறேன்.

உங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாத உடம்பும், ஒழுகாத கூரையும், ஒத்துப்போகிற பக்கத்து வீடும் என்றென்றும் அமைய மனமார வாழ்த்துகிறேன். என் மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
எதற்கும் அசராத
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே எழுதியதை மடித்து உறையில் போடும் நேரத்தில் இஞ்சினியரம்மா முழு வரைபடத்தோடு வந்துவிட்டார். வந்தவர் என்னிடம் கொடுக்காமல் நேரே உங்கள் அத்தையிடம் போய் விரித்து, "அம்மா, கட்டில் எந்தப் பக்கம் வேணும்? ஜன்னல் எவ்வளவு உயரத்துல வேணும்?" என்று கேட்டார். இவள், "எனக்கு எதுக்கு? அவர்கிட்ட கேளுங்க, அவருக்குத்தானே ரூமு" என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்காகத்தானேடி இத்தனையும்?" என்றேன். "என்னை யாரு கேட்டா?" என்றாள். பிறகு, அந்த அம்மாவின் முன்னாலேயே சொல்லிவிட்டாள். கால் எப்போதோ சரியாகிவிட்டதாம். நான் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது தினமும் மாடி ஏறித் துணி காயப்போட்டுவிட்டு வருகிறாளாம். கம்பு சும்மா கைக்காவலுக்காம். ஹாலை விட்டு அவள் நகராததற்குக் காரணம், மாடியில் என் குறட்டையாம். "கல்யாணமான நாள்லேர்ந்து இப்பத்தாங்க முழுசாத் தூங்குறேன். ஹால்ல காத்து வருது, நாலு பேரு வராங்க, நாலு விஷயம் தெரியுது. என்னை ஏன் ரூமுக்குள்ள போட்டுச் சாத்தணும்னு நிக்குறீங்க? நீங்க ஆசையா கோடு போட்டீங்க, சரி, அங்கயாச்சும் போய்ப் படுப்பீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். இஞ்சினியரம்மா வரைபடத்தில் "அம்மா அறை" என்றிருந்ததை அடித்துவிட்டு "மாஸ்டர் அறை" என்று எழுதி, ஹால் பக்கத்துச் சுவரை இரட்டைச் சுவராக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கீறல் சரியாகும்வரை வீட்டில் ஆள் இருக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார், என்னிடம் அல்ல, இவளிடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவதாக இவள் என் மகளிடம் பேசி, டிக்கெட்டும் எடுத்தாயிற்றாம். இரண்டு டிக்கெட். நான் வரமாட்டேன் என்று மேலே எழுதியதை நான் மாற்றப் போவதில்லை, ஆகவே அதை நீங்கள் படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவரவும். உங்கள் வீட்டில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் எவ்வளவு கனம் என்பதை மட்டும் முன்கூட்டியே அளந்து வைக்கவும். அதற்கு எந்த சர்வே என்று எனக்குத் தெரியாது.